திரும்பி வரும் பணமும் திரும்பி வராத ஆளும்

ஆயுள் காப்புறுதி எடுக்கப்போகிறவர் முகவரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கடைசியில எவ்வளவு திரும்பி வரும்?" நான் போய்விட்டால் வீட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு. சேமிப்பையும் காப்பையும் ஒன்றாகக் கட்டி விற்கும் வழக்கம் சிங்கப்பூரில் இவ்வளவு வேரூன்றியதற்கு இந்தக் கேள்வியே காரணம் என்பேன்.

டெர்ம் பாலிசியில் காலம் முடிந்தால் கைக்கு எதுவும் வராது. அதனால் சந்தா குறைவு. முழு ஆயுள் பாலிசியிலோ சந்தாவின் ஒரு பகுதி முதலீட்டுக்குப் போகிறது. இடையில் விட்டால் சரண்டர் தொகை உண்டு. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. கையில் காசு தங்காத குடும்பத்துக்கு அது கட்டாயச் சேமிப்பு. தம் காலத்துக்குப் பிறகும் பிறர் துணை தேவைப்படும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, 65 வயதில் முடிந்துவிடும் காப்பு போதாது.

ஆனால் அதே சந்தாவுக்குக் கிடைக்கும் காப்புத்தொகை மிகவும் சுருங்கிவிடுகிறது. இறப்புக்கும் முழு நிரந்தர உடற்குறைக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் 9 மடங்கு காப்பு வேண்டும், பாதுகாப்புக்கான செலவு வருமானத்தில் 15 விழுக்காட்டுக்குள் நிற்கவேண்டும் என்கிறது, சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி. மாதம் 4,000 வெள்ளி வாங்குபவருக்கு அது 432,000 வெள்ளிக் காப்பு. செலவு மாதம் 600 வெள்ளிக்குள். வீட்டுக்கடனும் கைக்குழந்தையும் இருக்கிற முப்பதுகளில், சேமிப்புப் பாலிசியை மட்டும் நம்பி அதை எட்டுவது பெரும்பாடு. லாபக் கணக்கும் கவனிக்கவேண்டியது. முகவர் தரும் விளக்கப் பட்டியலில் காட்டப்படும் 4.25 விழுக்காடு, 2021 முதல் தொழில்துறை வகுத்துக்கொண்ட உச்சவரம்பு. அதற்கு உத்தரவாதம் கிடையாது. முதல் சில ஆண்டுகளில் விலகினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். பாலிசியைத் திருப்பித்தர 14 நாள் அவகாசம் உண்டு. உத்தரவாதத் தொகை உள்ள பத்தியை அதற்குள் படித்துவிட வேண்டும்.

சேமிப்பே கலக்காத காப்புக்கு நல்ல சான்று, 1989-ல் தொடங்கிய சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம். மத்திய சேமநிதிக்குச் சந்தா செலுத்தத் தொடங்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். 60 வயது வரை 70,000 வெள்ளிக் காப்பு. 34 வயது வரை ஆண்டுக்கு 18 வெள்ளிதான். குறையும் உண்டு. மேலே சொன்ன சம்பளக்காரரின் குடும்பத்துக்கு அந்தத் தொகை ஒன்றரை ஆண்டுகூடத் தாங்காது. சேமநிதிக்குச் செய்த வாரிசு நியமனம் இதற்குச் செல்லாது, தனியே செய்யவேண்டும். இதைப் பலர் அறியாதிருப்பது எனக்குப் பெரிய கவலை. 2015-ல் வந்த, கமிஷன் இல்லாத நேரடிப் பாலிசிகளுக்கும் ஏறத்தாழ இதே கதி: கமிஷன் இல்லாததை எடுத்துச் சொல்ல வீடுதேடி யார் வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் ஊழியர்களுக்குச் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டமே இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்குச் சேமநிதி கிடையாது. வேலையிடத்தில் விபத்தென்றால் சட்டப்படி இழப்பீடு வரும். முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைச் செலவுக்கு உதவும். விடுதியில் இரவில் மாரடைப்பு வந்து இறந்தால், ஊரிலுள்ள மனைவிக்கு இவற்றிலிருந்து பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்வோருக்கானது; சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. மிஞ்சுவது, இந்திய வங்கிக் கணக்கு வழியாக 50 வயதுக்குள் சேரக்கூடிய பிரதமர் ஜீவன் ஜோதி: ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பு 2 லட்சம். கடன்பட்டு வந்தவருக்கு அந்தக் கடனை அடைக்கவே அது காணாது.

ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி மாதந்தோறும் பல நூறு வெள்ளி தீர்வை கட்டுகிறார். அந்த ஏற்பாட்டோடு, எக்காரணத்தால் இறந்தாலும் பணம் தரும் குழு டெர்ம் பாலிசி ஒன்றையும் அனுமதிச் சீட்டுக்கு நிபந்தனையாக்கலாம். இளைஞருக்கு ஆண்டுக்கு 18 வெள்ளியில் காப்பு தர முடிகிற ஊரில், செலவைக் காரணம் காட்டி இதை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.