ஆன்கி: மூயெட் எழுதும் மலாக்கா பிள்ளைகளுக்கு

மூயெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்கு ஆங்கிலச் சொற்களை மனத்தில் நிறுத்த ஒரே ஒரு செயலி போதும் என்றால் நான் ஆன்கியைத்தான் சொல்வேன். பார்க்க அழகில்லை, நட்சத்திரம், பதக்கம், கைதட்டல் எதுவும் தராது. ஆனால் எந்தச் சொல் நினைவிலிருந்து நழுவப் போகிறதோ, அதைச் சரியான நேரத்தில் எடுத்து முன்னால் வைக்கும்.

ஜாசின், மெர்லிமாவ், தெபோங் பக்கத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய். ஆங்கிலம் அந்தப் பாடவேளையோடு முடிந்துவிடும். ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ வந்த பிறகுதான் மூயெட் குறுக்கே நிற்கும். 1999 முதல் நடக்கும் இந்தத் தேர்வு 2021இல் உருமாறியது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360. எழுத்துத் தாளில் 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கருத்து இருந்தும் சொல் இல்லாமல் நல்ல பிள்ளைகள் திணறுவது அங்கேதான்.

ஆன்கியை டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டார். கேள்வி அட்டைகளைப் புரட்டிப் படிக்கும் செயலி இது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்ததும் அகெய்ன், ஹார்ட், குட், ஈசி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். புதிய அட்டைக்கு 'குட்' அழுத்தினால் பத்து நிமிடத்தில் திரும்பி வரும். மறுபடியும் 'குட்' என்றால் மறுநாள், அதன் பிறகு சில நாள், சில வாரம் என்று இடைவெளி நீளும். பலர் தவறுவது 'ஹார்ட்' பொத்தானில்தான். சிரமப்பட்டாவது விடை நினைவுக்கு வந்தால் மட்டுமே அதை அழுத்த வேண்டும். விடை வரவே இல்லையென்றால் 'அகெய்ன்'தான். அங்கே ஏமாற்றினால் இடைவெளிக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

ஆறாம் படிவத்தில் படிக்கும் என் அக்காள் மகளின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதைப் போட்டுப் பார்த்தோம். முதலில் ஆயத்த அட்டைக்கட்டு ஒன்றை இறக்கினாள். நியூசிலாந்தின் அவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் கல்விச் சொற்பட்டியல் அது. பட்டியல் அருமையானது. ஆனால் யாரோ செய்த அட்டையில் பொருள் மட்டும் மனப்பாடமானது. அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நகரவில்லை.

பிறகு அதே பட்டியலிலிருந்து சொற்களை எடுத்து அவளே அட்டை செய்யத் தொடங்கினாள். 'ஃபிளக்சுவேட்' அட்டையின் முன்பக்கத்தில் செம்பனைக் குலையின் விலை மாதாமாதம் என்ன ஆகிறது என்று ஓர் ஆங்கில வாக்கியம், வினை இருக்க வேண்டிய இடம் காலி. பின்பக்கத்தில் அந்தச் சொல், 'ஏறி இறங்குதல்' என்ற தமிழ்ப் பொருள், இறந்தகால வடிவம். குலை விலையைப் பற்றித் தினமும் அப்பா பேசும் வீட்டில் அந்தச் சொல் மறக்க வழியே இல்லை. அடுத்து எழுதிய கட்டுரையில் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கைக்கும் அதையே சரியாகப் போட்டிருந்தாள். இந்தச் செயலியின் பலன் அட்டையைப் புரட்டுவதில் பாதி, செய்வதில் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மலாய் நமக்கு இங்கே பெரிய துணை. சிக்னிஃபிகன், கொன்சிஸ்தென், இம்பிளிகாசி எல்லாம் பள்ளியில் தினமும் புழங்குபவை. அவற்றின் ஆங்கில வடிவங்களுக்கு அட்டையே தேவையில்லை. மலாயில் உறவில்லாத 'ரிலக்டன்ட்', 'இனெவிட்டபிள்' போன்றவற்றுக்கு நேரத்தைச் செலவிடலாம். தமிழ்ப் பொருளை அகராதியிலிருந்து அப்படியே இறக்காமல், வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படி எழுதினால்தான் நிற்கும். 'ரிலக்டன்ட்' அட்டையில் அவள் எழுதியது 'அரைமனசா'.

இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். நாளுக்கு 20 புதிய அட்டை என்று செயலி வைத்திருப்பதை ஐந்தாகக் குறையுங்கள். இருபதோடு தொடங்கினால் சில வாரத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டிவரும். பிள்ளைகள் விட்டு ஓடுவது அதனால்தான். அடுத்து, 2023இல் சேர்ந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய இடைவெளிக் கணக்கு முறையை இயக்குங்கள். பேச்சுத் தாளுக்காகச் சொல்லைக் கைப்பேசியே வாசித்துக் காட்டும் வசதியும் உண்டு. குறை என்றால், கைப்பேசியின் சின்ன விசைப்பலகையில் அட்டை செய்வது மெதுவான வேலை. கணினி இருந்தால் அதில் செய்து ஒத்திசைப்பது சுலபம்.

அட்டைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். அலைவரிசை வந்து போகும் தோட்டத்துக்கு இது போதும். ஆண்ட்ராய்டில் 'ஆன்கிட்ராய்டு' என்ற பெயரில் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. பெயரை ஒட்டி வைத்துக்கொண்டு சந்தா கேட்கும் வேறு செயலிகள் இருக்கின்றன, பார்த்து இறக்குங்கள். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறைக் கட்டணம், ஏறத்தாழ 25 அமெரிக்க டாலர். அந்தப் பணம் இல்லையென்றால் உலாவியில் ஆன்கிவெப் தளத்தைத் திறந்து இலவசமாகவே படிக்கலாம். அதற்கு இணையம் வேண்டும்.