இஞ்சிவேரும் ஐரோப்பியச் சொற்களும்: ஒலியொப்புமை வாதம் குறித்த மறுபார்வை

ஆங்கில ‘ஜிஞ்சர்’ தமிழ் ‘இஞ்சிவேர்’ என்பதன் நேர்த்திரிபு என்னும் கூற்று தமிழ்ச் சொல்லாய்வில் பலராலும் எடுத்தாளப்படுகிறது. இம்முடிவில் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் அதனை ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டே நிறுவ முயல்வது முறையாகாது.

இவ்வாதத்திற்கு ஜெர்மன் ‘இங்வர்’ வலுச்சேர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் இடைக்கால ஜெர்மனில் ‘கிங்கெபெர்’ போன்ற முதன்மெய் பெற்ற வடிவங்களும் காணப்படுகின்றன. அவை பழைய பிரெஞ்சிலிருந்து பெறப்பட்டவை. முதன்மெய் ஐரோப்பிய மண்ணிலேயே கெட்டது. எனவே ‘இங்வர்’, ‘இஞ்சிவேர்’ ஆகியவற்றின் நெருக்கம் தற்செயலானது. ரஷ்ய ‘இம்பிர்’ வடிவமும் இந்த ஜெர்மன் கிளையைச் சார்ந்ததே.

உண்மையான சான்று வேறிடத்தில் உள்ளது. பிரெஞ்சு ‘ஜான்ஜாம்ப்ர்’, இத்தாலிய ‘ஜென்ஜெரோ’ முதலியன லத்தீன் ‘ஸிங்கிபெர்’ வழியாகக் கிரேக்க ‘ஸிங்கிபெரிஸ்’ வரை செல்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டினரான தியோஸ்கோரிதீஸ் இப்பொருளைக் குறித்துள்ளார். கிரேக்க வடிவத்திற்கு மிக நெருங்கியது பாலி ‘சிங்கிவேர’ ஆகும். சமஸ்கிருத ‘சிருங்கவேர’ என்பதைக் ‘கொம்புருவம்’ எனப் பொருள்கொள்வது, கடன்சொல்லுக்குப் பின்னர்க் கற்பித்த விளக்கம் எனக் கருதப்படுகிறது. இறுதியிலுள்ள ‘வேர்’ திராவிடச் சொல். முதற்பகுதி ‘இஞ்சி’ என்பதன் சகரமுதல் கொண்ட தொல்வடிவம். சொன்முதற் சகரம் கெடுதல் தமிழில் அறியப்பட்ட மாற்றமே. ‘ஆறு’ என்னும் எண்ணுப்பெயர் கோண்டியில் ‘சாருங்’ என நிற்பது இதற்குச் சான்று. ஆகவே கடன்கொடுத்த வடிவம் இன்றைய ‘இஞ்சி’ அன்று. சகரம் கெடுவதற்கு முற்பட்ட தென்திராவிட வடிவம்.

இத்தகைய பொருட்கற்பிதம் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தது. பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் ஈறு, ஆங்கிலத்தில் ‘ரொட்டி’ எனப் பொருள்படும் ‘பிரெட்’ ஆக உணரப்பட்டு ‘ஜிஞ்சர்பிரெட்’ தோன்றியது. ‘ஜிஞ்சர்’ செம்பட்டை முடியையும் ஊக்கத்தையும் சுட்டுவது பொருள்விரிவு. ஆயின் ‘மெல்ல, எச்சரிக்கையாக’ எனப் பொருள்தரும் ‘ஜிஞ்சர்லி’ இச்சொல்லோடு ஒலியால் ஒத்தும் பிறப்பால் வேறானதாகவே கொள்ளப்படுகிறது.

ஆலன் ராஸ் 1952இல் இச்சொல்லின் பயணத்தைத் தனிநூலாகவே ஆராய்ந்தார். ஒலியொப்புமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ‘இங்வர்’ சான்றாகும், ‘சிங்கிவேர’ ஐயத்திற்குரியதாகும். வரலாற்றிலோ இவை தலைகீழாக உள்ளன. தமிழின் தொன்மைக்கு வலுச்சேர்ப்பது ஒலி நெருக்கமன்று, இடைப்பட்ட ஒவ்வொரு படிநிலைக்கும் தரப்படும் சான்றே.