‘ஷெனா’: மாறுதலும் மாற்றுதலும்

வினைச்சொல்லொன்றின் பொருளை அகராதியோடு முடித்துவிடுதல் போதாது. அதன் எழுவாய் யார், செயப்படுபொருள் எது என்னும் வினாக்கள் சமூகத்தின் அதிகார உறவுகளையும் தொட்டு நிற்பன. விவிலியத்தின் அரமேயப் பகுதிகளில் மாற்றத்தைக் குறிக்கும் ‘ஷெனா’ என்னும் வினை இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழில் ‘மாறு’ தன்வினையாகவும் ‘மாற்று’ பிறவினையாகவும் அமைவதுபோல, அரமேயத்திலும் ஒரே வேர் பல வினையமைப்புகளைப் பெறுகின்றது. அடிப்படையாகிய பெயல் ‘மாறு’, ‘வேறுபடு’ எனப் பொருள்படும். பயெல், ஹபெல் ஆகிய இரண்டும் ‘மாற்று’ என்னும் பொருளன. எனினும் இவ்விரண்டும் வழங்கும் இடங்கள் ஒன்றல்ல.

ஹபெல் வடிவம் காலத்தையோ ஆணையையோ சார்ந்தே வருகின்றது. தானியேல் 2ஆம் அதிகாரத்தில் காலங்களை மாற்றுபவர் இறைவன். 6ஆம் அதிகாரத்தில் மேதியர், பெர்சியரின் சட்டம் மாற்றவொண்ணாதது. எஸ்றா 6ஆம் அதிகாரத்தில் தரியுவின் ஆணையை மாற்றுவோன் தண்டனைக்குரியவன். அரமேயம் அகெமெனியப் பேரரசின் நிருவாக மொழியாக விளங்கியது. சட்டத்தைக் குறிக்கும் ‘தாத்’ பாரசீகக் கடன்சொல். எனவே இவ்வடிவத்தில் அரச ஆவணத்தின் குரலையே நாம் கேட்கின்றோம் எனலாம்.

ஆயின் சட்டம் மாறாது என்னும் இவ்வுலகில் அரசரின் முகங்கள் மாறிவிடுகின்றன. சினத்தால் நேபுகாத்நேச்சாரின் முகமும் அச்சத்தால் பெல்ஷாத்சாரின் முகமும் மாறியதைச் சொல்வதும் இவ்வினையே. மேலும், சிலையை வணங்க மறுத்த மூவர் மன்னனின் சொல்லை ‘மாற்றினர்’ என 3ஆம் அதிகாரத்தில் பயெல் வடிவம் கூறுகின்றது. அதைக் கூறுபவனும் அம்மன்னனே. ‘மீறினர்’ எனப் பெயர்ப்பது பொருந்துமாயினும், பணிய மறுத்தலே ஆணையை மாற்றும் செயலாயிற்று என்னும் நுட்பம் அதில் மறைந்துவிடும்.

7ஆம் அதிகாரம் அந்தியோக்கு எபிபானின் ஆட்சிக்காலத்தது (கி.மு. 175-164) என்பர் ஆய்வாளர் பெரும்பாலார். அங்கே காலங்களையும் சட்டத்தையும் மாற்ற எண்ணுபவன் கொடுங்கோலன். இறைவனுக்குரிய அதே ஹபெல் வடிவம் இப்பொழுது அவனுக்குரியதாகின்றது. ஒடுக்கப்பட்ட சமூகம் இங்கு தன் சட்டத்தைக் காத்து நிற்கின்றது. விடுதலையையோ இறைவனின் கையில் விட்டுவிடுகின்றது. இது அக்காலக் கருத்துநிலையின் எல்லை.

மாற்றம் யாவும் முற்போக்கானது என்னும் எளிய கொள்கையை இவ்வினையின் வரலாறு மறுக்கின்றது. எவர், எவரது சட்டத்தை, எவர் பொருட்டு மாற்றுகின்றனர் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.