தூண்டிலும் வலையும்

மருதப் பாடல்களில் மீன் பயின்று வருதலை யாவரும் அறிவர். அம்மீன் வலையிற் பட்டதோ தூண்டிலிற் பட்டதோ என்பதைப் பொருட்படுத்தாது படித்துச் செல்வதே நம் வழக்கம். அங்ஙனம் செல்வதனால் அகநானூற்று 36ஆம் பாட்டின் உள்ளுறை முழுதும் புலனாகாது போகின்றது என்பது என் கருத்து.

ஓரம்போகியாரின் ஐங்குறுநூற்று மருதத்தில், 47, 48ஆம் பாட்டுக்களில், பாண்மகள் கெடிற்றையும் வராலையும் வட்டியிற் கொணர்ந்து சொரிகின்றாள். மனையோள் அவ்வட்டியைப் பயறாலும் பழைய வெண்ணெல்லாலும் நிறைக்கின்றாள். பின்னைய பாட்டில் அவள் தந்தை வலைத்தொழில் வல்லவன். ஈண்டு மீன் பண்டமாற்றுக்குரிய பொருள். நீரில் அது வாழ்ந்த வாழ்வு பாட்டுள் இல்லை.

தூண்டில் வருங்கால் புலவர் நோக்கு ஒரு தனி மீனின்மேற் படிகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் காட்டிய உடனே கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆழ்ந்த கயத்தைக் காட்டுகின்றார். பாண்மகன் பச்சூனை இரையாகத் தோற்பையிலிட்டு, நெடிய மூங்கிற்கோலில் நாண் கட்டி நிற்கின்றான். வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகின்றது. பின்னர்க் கரையருகே நிற்கும் பிரம்பின் நிழல் நீரில் அசையக் கண்டு அஞ்சுகின்றது. பிரம்பின் நிழல் அதற்குத் தூண்டிற்கோலாகத் தோன்றுகின்றது போலும். கரையில் நின்று காண்பார் கண்ணால் அன்றி, நீருள்ளிருக்கும் மீனின் கண்ணால் காணும் இத்திறம் வியக்கத்தக்கது.

இவ்வேறுபாட்டை விதியென நாட்டுதல் இயலாது. அகநானூற்று 216ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் காட்டும் பாண்மகள் தூண்டிலாற் பிடித்த வராலைச் சுட்டு, நறவுண்டிருக்கும் தந்தைக்கு ஊட்டுகின்றாள். அங்கே போராட்டம் ஏதுமில்லை. எனினும் அதுவும் ஒருவன் உணவுக்கு ஒரு மீன். வட்டி நிறையும் வாணிகம் அன்று.

இனி, நக்கீரர் பாடிய 36ஆம் பாட்டுக்கு வருவோம். பெரிய ஆண் வரால் ஒன்று இரையோடு இரும்பையும் விழுங்கிவிடுகின்றது. வேட்டுவன் இழுக்கின்றான், அது வரவில்லை. கயிறிட்ட காளைபோலச் சினந்து விடியற்காலைக் கயத்தைக் கலக்குகின்றது. (தூண்டிலிடுவோனைப் புலவர் வேட்டுவன் என்றே குறித்தலும் நோக்கத்தக்கது. இன்று பலர்க்குப் பொழுதுபோக்காகிய இச்செயல் அங்கே வேட்டை. அப்பாட்டில் தலைவன் பெறும் இன்பமோ வையைத் துறையிலும் மருதமரக் காவிலும் நிகழ்வது.)

மீன் தலைவன், இரை பரத்தையின்பம், இரும்பு அதனால் வரும் கேடு என எளிதிற் பொருள் கூறலாம். இது தவறன்று, ஆயினும் பாதியே. அகப்பட்டவன் தலைவன் என்று மட்டும் கொள்ளின் அவன் இரக்கத்திற்குரியவன் ஆகின்றான். அவனைக் கடிந்து எழும் கூற்றுக்கு அவ்விரக்கம் பொருந்துமா? வரால் துள்ளியதால் கெட்டவை எவை எனக் காண்க. கிழிந்தது ஆம்பலின் இலை, சிதைந்தது குவளை மலர், மயங்கியது வள்ளைக்கொடி. இரும்பை விழுங்காத இவையே துன்புற்றன. தூண்டிலினும் கலங்கிய நீரே இவ்வுள்ளுறையின் உயிர்நிலை.

இவ்வாறு கொள்ளுங்கால் பாட்டின் பிற்பகுதியும் ஒட்டாத வரலாற்றுச் செய்தியாக நில்லாது. தலைவனைப் பற்றி எழுந்த அலர், ஆலங்கானத்தில் எழுவரை வென்ற செழியன் படையின் ஆர்ப்பினும் பெரிது என்று பாட்டு முடிகின்றது. கயத்தில் ஒரு மீன் எழுப்பிய கலக்கமே ஊரில் அலராகப் பரந்து, போர்க்கள முழக்கத்தையும் விஞ்சுகின்றது. வலையில் ஒருங்கே வாரப்பட்ட மீன்களைக் கொண்டு இதனைச் சொல்லியிருத்தல் அரிது. வேட்டுவன் இறுதியில் அவ்வராலைக் கரை சேர்த்தானா என்பதை நக்கீரர் கூறவில்லை.