ஆங்கில மரபுத்தொடரும் தமிழ் மாணாக்கரும்

ஒரு மொழியின் இலக்கணத்தையும் சொற்பொருளையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர்கூட, அம்மொழியாளர் இருவர் தமக்குள் உரையாடக் கேட்டுத் திகைத்து நிற்பதுண்டு. சொல் ஒவ்வொன்றும் தெரிந்ததே. தொடர் மட்டும் விளங்குவதில்லை. 'புட் அப் வித்' என்னும் ஆங்கிலத் தொடரில் உள்ளவை மூன்று சொற்கள். மூன்றும் தொடக்கப் பள்ளி மாணவன் அறிந்தவை. வைத்தல், மேலே, உடன் என அவற்றைக் கூட்டிப் பார்ப்பவனுக்குப் 'பொறுத்துக்கொள்ளுதல்' என்னும் பொருள் எக்காலத்தும் கிட்டாது. இவ்வாறு, தனிச்சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற முடியாத பொருளைத் தருவதே மரபுத்தொடர் என்க.

இத்தொடர்களைக் கற்பிக்கப் பள்ளிகளில் பெரிதும் கையாளப்பெறும் கருவி பட்டியலாகும். இடப்பக்கத்தில் ஆங்கிலத் தொடர். வலப்பக்கத்தில் தமிழ்ப் பொருள். தேர்வுக்கு முன்னாள் இரவு மனப்பாடம். தேர்வு முடிந்த மறுநாள் மறதி. கடைகளில் விற்கும் கையேடுகள் பலவும் இவ்வமைப்பினவே. இம்முறையால் விளையும் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்பதை நடுநின்று ஆராய்தல் வேண்டும்.

பொருள் வேறு, தகுதி வேறு

கையேடுகளில் தவறாது இடம்பெறும் தொடர்களுள் ஒன்று 'கிக் தி பக்கெட்' என்பது. 'இறந்துபோதல்' எனப் பொருள் எழுதியிருக்கும். பொருளில் பிழை இல்லை. 1785-இல் இலண்டனில் பிரான்சிஸ் குரோஸ் என்பார் வெளியிட்ட அகராதியிலேயே இத்தொடர் இப்பொருளில் காணப்படுகின்றது. ஆனால் அந்நூல் எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். அது கொச்சைச் சொற்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதி.

பொருளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன், தன் ஆங்கில ஆசிரியரின் தந்தை மறைந்தபோது விடுக்கும் இரங்கல் மடலில் இத்தொடரை எழுதினால் என்னாகும்? துயர வீட்டுக்குச் சென்று, 'உங்கள் தந்தையார் மண்டையைப் போட்டுவிட்டாராமே' என்று கேட்டதற்கு ஒப்பாகும். அன்பினால் எழுதியவன் பண்பற்றவன் எனப் பெயர் பெறுவான். குற்றம் அவனுடையதா? பொருளைத் தந்து, அப்பொருளை ஆளும் இடத்தைத் தாராமல் விட்ட கையேட்டின் குற்றம் அது.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதியதன்று. காலமானார், இயற்கை எய்தினார், இறந்தார், செத்தான், மண்டையைப் போட்டான் என்பன யாவும் ஒரு நிகழ்ச்சியையே குறிக்கின்றன. எனினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசும் தமிழர் ஒருவரும் இலர். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் தகுதி வழக்கில் அடக்கிற்று. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம் என்று வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரே, அடுத்த பாடவேளையில் ஆங்கிலம் எடுக்கும்போது அக்கருத்தைத் தமிழ் நூலோடு மூடிவைத்து விடுகின்றார். தகுதி என்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மக்கள் பேசும் மொழி எல்லாவற்றுக்கும் உரியது.

கற்போர்க்கென எழுந்த நல்ல ஆங்கில அகராதிகள் கொச்சை, பேச்சு வழக்கு, பழைய வழக்கு எனத் தொடர்களின் பக்கத்தில் சிறு குறிப்புகள் தருகின்றன. கையேடு எழுதுவோர் அவற்றிலிருந்து பொருளை எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிடுகின்றனர். இது மருந்தை எடுத்துக்கொண்டு, உண்ணும் அளவு எழுதிய தாளைக் கிழித்தெறிவது போன்றது.

அரியனவும் எளியனவும்

பட்டியலின் இரண்டாவது குறை தேர்வு பற்றியது. 'பூனையும் நாயுமாய் மழை பெய்கின்றது' என்னும் ஆங்கிலத் தொடரை அறியாத மாணவன் இல்லை. 1738-இல் வெளிவந்த ஜோனதன் ஸ்விஃப்டின் உரையாடல் நூலில் அது உண்டு. மழை பற்றிய கட்டுரை எதுவாயினும் மாணவர் அதனைக் கொண்டுவந்து புகுத்துவர். இத்தகைய தொடர்கள் உண்மையில் எவ்வளவு வழங்குகின்றன? ரோசமண்ட் மூன் என்னும் ஆய்வாளர், 1 கோடியே 80 இலட்சம் சொற்கள் கொண்ட ஆங்கில உரைத்தொகுதியை ஆராய்ந்து 1998-இல் நூல் வெளியிட்டார். நிலைத்த தொடர்களுள் பெரும்பாலானவை பத்து இலட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வருவதில்லை என்பது அவர் கண்ட முடிபு. மாணவர் வருந்தி மனப்பாடம் செய்வன பலவும் ஆங்கிலேயரே அருகி வழங்குவன என்பது இதனால் பெறப்படும்.

இனி, நாள்தோறும் வழங்குவன யாவை? அவை ஆரவாரமற்ற சிறு தொடர்கள். 'டர்ன் டவுன்' என்றால் மறுத்தல். 'கால் ஆஃப்' என்றால் நடக்கவிருந்ததைக் கைவிடுதல். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று அலுவலர் ஒருவர் பேச்சைத் தொடங்கினால், பெரும்பாலும் பின்னே வருவது மறுப்பு. அங்கே அச்சம் ஒன்றும் இல்லை. வேலை கேட்டுச் சென்ற தோட்டத்து இளைஞன் இதனை உணராது, அலுவலர் எதற்கு அஞ்சுகிறார் என்று விழித்து நிற்பானாயின், பத்தாண்டு கற்ற ஆங்கிலம் அவனைக் கைவிட்டது என்றே பொருள். அடுத்த முறை அவன் வாய் திறக்கவே அஞ்சுவான். பட்டியலில் பூனையும் நாயும் இருந்தன. அவனுக்கு வேண்டிய இத்தொடர் இல்லை.

இக்குறையை உணர்ந்து நூல் செய்தோருள் ஏ.எஸ். ஹார்ன்பி குறிப்பிடத்தக்கவர். 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குச் சென்ற அவர், கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபதிப்பாகக் கொணர்ந்தது. மரபும் தொடரமைப்பும் அதன் முதற்பெயரிலேயே இடம்பெற்றிருந்தன. ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்கும் ஆசிய மாணவரைக் கண்முன் வைத்து எழுந்த நூல் அது. வினைச்சொற்கள் வரும் தொடரமைப்புகளை 25 வகையாகப் பகுத்து, எச்சொல் எச்சொல்லோடு சேரும் என்பதை வாக்கியங்களால் அது காட்டிற்று. பொருளைச் சொல்லி நிறுத்தாமல் ஆளும் முறையைக் காட்டியமையே அதன் சிறப்பு. பட்டியல் முறைக்கு நேர்மாறான நெறி இதுவாகும்.

தாய்மொழி தரும் துணை

சிறு வினைகளோடு சிறு சொற்கள் சேர்ந்து பொருள் மாறுவதைக் கண்டு தமிழ் மாணவன் மருள வேண்டுவதில்லை. 'வா', 'வந்துவிடு', 'வந்து தொலை' என்னும் மூன்றையும் அவன் மழலைப் பருவத்திலேயே வேறுபடுத்தி அறிந்தவன். தொலைதல் என்னும் வினைக்கு அங்கே அதன் நேர்ப்பொருள் இல்லை. அழைப்பவரின் சலிப்பே உண்டு. கைவிடுதல், கைகொடுத்தல், கைகூடுதல், கைகழுவுதல் என ஒரு கையைக் கொண்டே எத்தனை பொருள்! இவற்றைக் கற்கப் புகும் ஆங்கிலேயர் படும் பாட்டை எடுத்துக் காட்டினால், ஆங்கிலம் மட்டும் நெறியற்ற மொழி என்னும் எண்ணம் மாணவனை விட்டு நீங்கும்.

மும்மொழி வழங்கும் மலேசியாவில் ஆசிரியருக்கு மற்றுமொரு வாய்ப்பும் உண்டு. மாலையில் உலாவச் செல்வோன் தமிழில் காற்று வாங்குகின்றான். மலாயில் 'மாக்கான் ஆங்கின்' எனக் காற்றை உண்கின்றான். ஆங்கிலப் பழைய வழக்கில் காற்றை எடுத்துக்கொள்கின்றான். வாங்குதலும் உண்ணுதலும் எடுத்தலும் ஒரு செயலையே குறித்து நிற்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஏன் தவறு என்பதை விளக்கத் தனிப் பாடம் வேண்டியதில்லை. விடைபெறுங்கால் தமிழர் கூறும் 'போய் வருகிறேன்' என்பதனை அவ்வாறே ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பவரைக் கண்டு நகைப்பதை விடுத்து, அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

செய்யத்தக்கது

தேர்வில் பட்டியலைத்தானே கேட்கின்றனர் என்பர் சிலர். அது உண்மையே. மொழியணி என்னும் பெயரால் தமிழ்ப் பாடத்திலும் மரபுத்தொடரும் இணைமொழியும் பெரும்பாலும் பட்டியலாகவே மனப்பாடம் செய்யப்படுகின்றன. பட்டியலை அறவே ஒழித்தல் இயலாது. ஒழிக்க வேண்டுவதும் இல்லை. மறந்ததை நினைவூட்ட அது உதவும். அதனைத் திருத்தி அமைத்தலே வேண்டுவது.

பொருளுக்கு வலப்பக்கத்தில் மேலும் இரண்டு கட்டங்கள் வரைக. ஒன்றில், இத்தொடரை யார் யாரிடம் எப்போது கூறுவர் என்பதை எழுதுக. மற்றொன்றில், இது மாணவன் தானே ஆளத்தக்கதா, பிறர் கூறின் அறிந்துகொள்ளப் போதுமா என்பதைக் குறிக்க. 'கிக் தி பக்கெட்' அறிந்துகொள்வதற்கு. 'புட் அப் வித்' ஆளுவதற்கு. கிழமைக்கு இருபது தொடர் மனப்பாடம் செய்வித்தலினும், ஐந்து தொடரை இருவர் உரையாடலில் வைத்துப் பேசப் பழக்குதல் பெரும்பயன் தரும். அவ்வைந்தும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் கடையிலும் மாணவன் நாளை கேட்கப்போகும் தொடர்களாக இருத்தல் வேண்டும்.

பிறமொழி கற்பவன் பிழை செய்தல் இயல்பு. இலக்கணப் பிழையைக் கேட்போர் பொறுத்துக்கொள்வர். தகுதிப் பிழையைப் பேசியவனின் குணக்குறையாகக் கொண்டுவிடுவர். அப்பழி மாணவன்மேல் வாராது காத்தல் ஆசிரியர் கடன்.