துப்பாக்கிக்கு எவ்வளவு கெட்டியான பூச்சு வேண்டும்?

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி, கம்பம் பஸ் ஏறி மேற்கே போனால் வரும் மலையடிவாரத்தில், பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. தேர்தல் வந்தால் பொதுவாக அவற்றைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது மார்ச் 16; எண்ணிக்கை முடிந்தது ஜூன் 4. வியர்வைக் கை பட்ட குழல் அத்தனை நாள் உறைக்குள் கிடந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? வீட்டிலேயே கெட்டியாக ஒரு பூச்சு போட்டுவிடலாம் என்று உரிமையாளருக்குத் தோன்றுவது இயல்பு.

புதுத் துப்பாக்கியின் கருநீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக மாற்றிய படலம் அது. ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான் தடிமன். தனியாக அது துருவை அதிகம் தடுக்காது. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் தடுக்கிறது.

கிரில் கேட்டுக்குப் போடும் பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும். 180, 200 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கேட்டுக்கு அருமையானது. ஆனால் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடிப்பது ஈயப்பற்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே இளகிவிடும். கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் கறுப்பேற்றினாலும் அதே பற்று அரிக்கப்படும். துணியில் தொட்டுத் தேய்க்கும் குளிர்க் கறுப்பு கீறலை மறைக்கும், அவ்வளவே.

செராகோட் போன்ற பீங்கான் பூச்சுகளின் தரத்தில் குறை சொல்ல முடியாது: சுமார் 25 மைக்ரான், 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். சிக்கல் முன்தயாரிப்பில். எண்ணெய்ப் பசையை அடியோடு போக்கி, துகள் வீசி இரும்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். மடிப்புக்குள் தங்கிய எண்ணெய் சூட்டில் கசிந்தால் பூச்சு பிடிக்காது. பிடிக்காத இடத்தின் அடியில் துரு கண்ணுக்குத் தெரியாமல் பரவும். வெற்று இரும்பிலோ அது உடனே தெரிந்துவிடும், துடைத்துவிடலாம். தோட்டா அறையிலும் உரசி நகரும் பாகங்களிலும் அந்த 25 மைக்ரானே இறுக்கம் தந்துவிடும்.

சட்டம் இன்னும் கறார். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் கேட்கிறது. பூச்சு பழுதுபார்ப்பா என்று வாதாடலாம். 8ஆம் பிரிவோ அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. துகள்வீச்சு எண்ணைத் தேய்க்கும், கெட்டிப் பூச்சு பள்ளத்தை நிரப்பும். உரிமப் புத்தகத்தில் உள்ள எண் குழலில் தெரியாவிட்டால் அதிகாரி மைக்ரான் கணக்கைக் கேட்க மாட்டார்.

ஆகவே வீட்டுப் பூச்சு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பற்றில்லாத ஒற்றைக்குழல் துருவேறிப் போயிருந்தால், உரிமம் பெற்ற பட்டறையில் எண்ணை மறைத்து ஒட்டிவிட்டு, வெளிப்புறம் மட்டும் பீங்கான் பூச்சு போடலாம். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான் பொருத்தம். மற்றவர்களுக்கு, ஒப்படைக்கும் முன் தோட்டாவை எடுத்து, நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, ஈரம் காக்கும் உறையைத் தவிர்த்தாலே போதும்.