எண் அல்ல, உரிமை

பள்ளிபாளையத்து விசைத்தறியில் பாவு தீர்ந்தால், பழைய இழை நுனியோடு புது இழையைப் பிணைப்பார்கள், நெசவு தொடரும். யூனிக்ஸில் ஒரு நிரல், தான் திறந்த கோப்பைச் சாக்கெட் வழியே இன்னொன்றிடம் ஒப்படைப்பதும் அதே அழகு. 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு தந்த வசதி. போவது கோப்பைக் குறிக்கும் வெறும் எண் அல்ல, திறந்த கோப்பின் மீதான உரிமை.

சிக்கல் அந்த உரிமையைச் சுமந்து செல்லும் செய்தி உறையின் அளவில்தான். உறையின் தலைப்பகுதி 64-பிட் லினக்ஸில் 16 பைட், மேக்கில் 12. கையால் கூட்டிய கணக்கு ஓரிடத்தில் ஓடும். மறு இடத்தில் கோப்பு வந்து சேராது. திருத்தமோ இரண்டே வரி: நீளத்துக்கு சிஎம்எஸ்ஜி_லென், இடத்துக்கு சிஎம்எஸ்ஜி_ஸ்பேஸ் என்ற மேக்ரோக்கள். ஒரு கோப்புக்கு அந்த லினக்ஸில் முன்னது 20 பைட், பின்னது 24. எவ்வளவு நேர்த்தியான வேலை! எண்ணை நீங்களே எழுதாதீர்கள். அந்த மேக்ரோக்களிடமே கேளுங்கள்.